இடது காலில் ஒரு நீலத் துணி

அத்தியாயம் 17

படம் பார்க்க வரவே மாட்டேன் என்று போன வாரம் அத்தனை பிடிவாதம் பிடித்த ஜோதிலட்சுமி, சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கடலூர் தியேட்டரில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தாள். பிடிவாதம் எங்கே போயிற்று என்று அவளைக் கேட்டுப் பயனில்லை. மகள் ஸ்ரீமதி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அப்பாவ இன்னொரு தடவ பாக்கணும்மா. நீயும் பக்கத்துல இருக்கணும்." அதற்குப் பிறகு எந்தத் தாய் வீட்டில் உட்கார்ந்திருப்பாள்?

ஸ்ரீமதியின் அப்பா சபாபதி கொலையாகி ஒன்பது வருடம் ஆகிறது. சிதம்பரத்தில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். ஒரு பொய்ப் பத்திரத்தைப் பற்றிக் கடலூர் கோர்ட்டில் சாட்சி சொல்லக் காலையில் புறப்பட்டார். கோர்ட்டுக்கு வந்து சேரவில்லை. மூன்றாம் நாள் வெள்ளாற்றில் கிடைத்தார். நில புரோக்கர் கோவிந்தசாமிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். "நான் இழுத்துக்கிட்டுப் போவல, அவராத்தான் ஆத்தங்கரைக்கு வந்தாரு" என்று கோவிந்தசாமி கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். கோர்ட்டுக்குக் கிளம்பிய மனுஷன் ஆற்றங்கரைக்கு ஏன் போகிறார்? நீதிபதியும் நம்பவில்லை, ஜோதியும் நம்பவில்லை.

அதற்கப்புறம் அண்ணாமலை நகரில், ஹாஸ்டல் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் புத்தகங்களுக்கு பைண்டிங் போடும் கடை ஒன்றை வைத்து அவள் மகளைப் படிக்க வைத்தாள். கடை வைத்துக் கொடுத்தது அண்ணன் தங்கராசு. கடலூரில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். போலீஸ், கோர்ட், வக்கீல் என்று அலைந்ததும் அவர்தான், ஸ்ரீமதிக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். தாய்மாமன் மாலை போடாமல் எந்தப் பெண் மணையில் உட்காருவாள்? அண்ணன் ஒருவர் இல்லையென்றால் நாம் என்னாகியிருப்போம் என்று ஜோதி நினைக்காத நாள் இல்லை.

சபாபதியின் கதையைப் படமெடுக்கச் சினிமாக்காரர்கள் வந்தபோதும் அண்ணனே முன்னால் நின்று பேசினார். ஜோதி அவர்களிடம் ஒரு போட்டோவைக் கொடுத்ததோடு சரி.

விளக்கு அணைந்தது. படம் ஓடியது.

லூர்துசாமி என்ற நடிகனை நேற்று வரை எல்லோருக்கும் தெரியும். கதாநாயகனுக்கு நண்பனாக வந்து அடி வாங்கிச் சிரிக்க வைக்கிற ஒல்லிப்பிச்சான். அந்த ஒல்லிப்பிச்சான் திரையில் எங்கேயும் காணோம். வயிறு போட்டிருந்தான். நெற்றிக்கு மேலே ஒரு விரற்கடை முடியை மழித்திருந்தான். பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிப் பிடித்தான். எழுதி முடித்த வரியின் மேல், மை உலர, சோற்றை ஆற்றுகிற மாதிரி மெதுவாக ஊதினான்.

"அப்பா," என்றாள் ஸ்ரீமதி. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையில் துக்கத்தைவிடச் சந்தோஷம் ஜாஸ்தியாக இருந்தது.

ஜோதி அழவில்லை. அவள் ஒரு தந்திரம் வைத்திருந்தாள். காதைப் பார்த்தாள். சபாபதியின் காது மடல் ஒட்டியிருக்கும், இவனுக்குத் தொங்குகிறது. இவன் வேறு ஆள், சம்பளத்துக்கு நடிக்கிறவன் என்று காதைப் பார்த்துப் பார்த்தே ஒன்றே முக்கால் மணி நேரத்தை ஓட்டிவிட்டாள். வலது பக்கத்து சீட்டில் தங்கராசு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு கடைசி நாள் வந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் லூர்துசாமி கேமராவை நோக்கி நடந்து வந்தான். வலது காலை நன்றாக ஊன்றினான். இடது காலை மட்டும் வெளி ஓரத்தில் வைத்து, சுண்டு விரல் தரையில் படாமல் தூக்கித் தூக்கி வைத்தான். இடது செருப்பின் வாரில் ஏதோ சுற்றியிருந்தது. நீலத் துணி.

ஜோதிக்குக் காது மறந்து போயிற்று.

*

அந்தத் துணியின் கதை உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரியும் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

சாட்சி சொல்லப் போகக்கூடாது என்று அப்போது மிரட்டல் வந்துகொண்டிருந்தது. சபாபதிக்கு ஏழரைச் சனி வேறு. சனிக்கிழமையில் கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்தால், பிடித்த பீடை அதோடு போய்விடும் என்று யாரோ சொன்னதை ஜோதி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவரை நடராஜர் கோயிலுக்கு அழைத்துப் போய், கீழ சன்னதி வாசலில் அவருடைய பழைய தோல் செருப்பை வேண்டுமென்றே விட்டுவிட்டு, வெறுங்காலோடு நடத்தி வந்தாள். மூன்று வருடம் போட்டுப் பழகிய, காலோடு காலாக ஆகிவிட்ட செருப்பு.

"என் சனி இப்ப எவன் கால்ல ஏறுச்சோ," என்று அவர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

அன்றைக்கே மேல வீதியில் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். அது கடித்தது. கோர்ட்டுக்குப் போகிற அன்று காலையில் இடது சுண்டு விரலில் கொப்புளம். "ரப்பர் செருப்ப மாட்டிக்கிட்டுப் போறேனே" என்றார். "கோர்ட்டுக்கு யாராச்சும் ரப்பர் செருப்புல போவாங்களா?" என்று ஜோதி ஸ்ரீமதியின் பழைய நீல யூனிபார்ம் பாவாடையில் ஒரு துண்டைக் கிழித்து, வாரில் சுற்றிவிட்டாள். தெருமுனை வரைக்கும் அவர் இடது காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து போனதை வாசலில் நின்று பார்த்தாள். அதுதான் கடைசி.

வெள்ளாற்றில் கிடைத்த உடம்பில் செருப்பு இல்லை. போலீசும் தேடிப் பார்த்து விட்டுவிட்டது. செருப்பைப் பற்றி ஜோதி யாரிடமும் வாய் திறக்கவில்லை. பழைய செருப்பு காலில் இருந்திருந்தால் அவர் ஓடியிருப்பார். ஓட முடியாமல் செய்தவள் நான். ஒன்பது வருடமாக இந்த நினைப்பு அவளோடுதான் எழுந்தது, அவளோடுதான் படுத்தது. பைண்டிங் கத்தியை அழுத்துகிறபோதும் சரி, மகளுக்குத் தலை பின்னுகிறபோதும் சரி, ஒரு கால் தூக்கித் தூக்கி நடக்கிற சத்தம் எங்கேயோ கேட்டுக்கொண்டே இருக்கும்.

அதே கால் இப்போது நானூறு பேருக்கு முன்னால் திரையில் நடக்கிறது. அந்தக் காலையில், வீட்டை விட்டுப் போன பிறகு, சபாபதியைப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். பார்க்கவே இல்லை என்று எல்லா சாட்சிகளும் சொன்னார்கள். அப்படியானால் ஒருவர் பொய் சொல்லியிருக்கிறார்.

*

படம் முடிந்து லூர்துசாமி மேடையேறினான். இப்போது மறுபடியும் ஒல்லிப்பிச்சானாக இருந்தான். கைத்தட்டல், செல்ஃபி, மாலை. ஸ்ரீமதியைக் கட்டிக்கொண்டு அவனும் கொஞ்சம் அழுதான். கூட்டம் கலைந்து, மேனேஜர் அறையில் அவன் தனியாக டீ குடிக்கிற நேரம் பார்த்து ஜோதி உள்ளே போனாள். அவன் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"உக்காருங்க அக்கா."

"நான் ஒண்ணு கேக்கணும். கடைசில ஒரு நடை நடந்தீங்களே. அத யாரு கத்துக் குடுத்தா?"

"அது எல்லாரும் கேக்குறாங்கக்கா. நான் காதால கேட்டுக் கத்துக்கிற ஆளு இல்ல, கண்ணால பாத்துத்தான் கத்துக்குவேன். சபாபதி சாருக்குத் தெரிஞ்சவங்க பதினோரு பேரப் பாத்தேன். அவரு எப்படி நடப்பாருன்னு நடந்து காட்டச் சொல்லி, எல்லாரையும் போன்ல எடுத்து வெச்சுக்கிட்டேன். பத்துப் பேரு நல்லா நடந்தாங்க. உங்க அண்ணன் மட்டுந்தான் கால இப்படி வெச்சு நடந்தாரு."

ஜோதி அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"காலுல அடி பட்டிருந்துச்சா சார்னு கேட்டேன். 'அடி இல்லப்பா, செருப்பு கடிச்சுது, வாருல நீலத் துணி சுத்தியிருந்தான்'னு சொன்னாரு. ஏன்க்கா, தப்பா ஏதாவது செஞ்சிட்டேனா?"

"அந்த வீடியோ இருக்குதா?"

இருந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரை, காலை வெயில். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு தங்கராசு மணலில் நடக்கிறார். ஐம்பத்து நாலு வயது, கனத்த உடம்பு. ஆனால் அந்த உடம்பில் சபாபதி நடக்கிறார். இருபது அடி நடந்து நிற்கிறார். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார். வாய் ஏதோ சொல்லப் போகிற மாதிரி திறக்கிறது. அப்படியே மணலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்கிறார்.

"திரும்பிப் பாக்குறத மட்டும் நான் படத்துல செய்யலக்கா. எத்தன தடவ முயற்சி பண்ணியும் வரல. எதுக்குத் திரும்பினாருன்னு கேட்டேன், உங்க அண்ணன் சொல்ல மாட்டேன்னுட்டாரு."

வீடியோவை அவள் எண்ணுக்கு அனுப்பிவிட்டு வாசல் வரைக்கும் கூட வந்தான். அவன் இடது காலை ஓரத்தில் ஊன்றி வைப்பதை ஜோதி கவனித்தாள். அவள் கவனித்ததை அவனும் கவனித்தான்.

"ஷூட்டிங் முடிஞ்சு ஆறு மாசம் ஆவுது," என்றான். "இந்தக் கால் மட்டும் இன்னும் என்கிட்ட திரும்பி வரலக்கா."

*

ரவிக்கை தைக்கக் கொடுக்க வேண்டும் என்று ஸ்ரீமதி கடலூரிலேயே மாமி வீட்டில் தங்கிக்கொண்டாள். "அம்மாவ நான் கொண்டு போய் விட்டுடறேன்" என்று தங்கராசு காரை எடுத்தார். சாப்பாடெல்லாம் முடிந்து கிளம்ப நாலரை ஆகிவிட்டது.

ஆலப்பாக்கம் வரைக்கும் அவர் வெள்ளிக்கிழமையைப் பற்றியே பேசினார். மண்டபம், சமையல், மாப்பிள்ளை வீட்டுக்கு வைக்க வேண்டிய தட்டுகள். "மாலை சம்பங்கில சொல்லியிருக்கேன். கனமா இருக்கணும், போட்டோல நல்லா விழும். என்னா சொல்ற?"

பதில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஜோதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்காமலே இருந்துவிட்டால் என்ன என்றும் தோன்றியது. கேட்காவிட்டால் வெள்ளிக்கிழமை நல்லபடியாக நடக்கும். மகள் கழுத்தில் மாமன் மாலை விழும். கேட்டுவிட்டால் அண்ணன் இல்லை, அண்ணன் இல்லாவிட்டால் அவளுக்கு ஆள் யாரும் இல்லை. புதுச்சத்திரம் போயிற்று. பி.முட்லூரும் போயிற்று. வெள்ளாற்றுப் பாலம் கண்ணுக்குத் தெரிந்தது. இந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வது அவள் வழக்கம். இன்றைக்கு மூடவில்லை.

"அண்ணே. அவரு எதுக்குத் திரும்பிப் பாத்தாரு?"

"யாரு?"

"பீச்சுல நடந்து காட்டினியே. இருபது அடி போயி நின்னு, திரும்பிப் பாத்தாரே. எதுக்கு?"

கார் ஓரம் கட்டி நின்றது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போயிற்று. தங்கராசு இன்ஜினை அணைத்தார்.

"அவன் காட்டிட்டானா," என்றார்.

"அன்னைக்கு லால்பேட்டைல சிநேகிதர் வூட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன்னு சொன்ன."

"போனேன். அப்புறமாப் போனேன்." அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. "கோவிந்தசாமி என்கிட்ட வந்தான் ஜோதி. ஒரே ஒரு தடவ ஒக்காந்து பேசிட்டாப் போதும், சமாதானமா முடிச்சுக்கலாம், கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒங்க மாப்பிள்ளைய ஆத்தங்கரைத் தோப்புக்கு அழைச்சிட்டு வாங்கன்னான். நானும் நல்லதுதானேன்னு நெனச்சேன். சாட்சி சொன்னா வெட்டிப்புடுவானுங்கன்னு ஊரே பேசுது. ஒன் தாலிக்குத்தாண்டி பயந்தேன். சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

"அவரு வர மாட்டாரே. சமாதானம்னு சொன்னா எழுந்து போயிடுவாரே."

"வர மாட்டான்தான். என்னான்னு சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியாம பஸ் ஸ்டாண்டு ஓரம் பைக்க நிறுத்திக்கிட்டு முழிச்சிக்கிட்டிருந்தேன். அவனே வந்தான். 'மச்சான், செருப்பு கடிக்குது, கடலூர் வரைக்கும் வண்டில கொண்டு விடேன்'னான்."

அவள் வாங்கிக் கொடுத்த செருப்பு. அவள் கோயில் வாசலில் விட்டுவிட்டு வந்த செருப்பு. அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று அவள் ஒரு காரியம் செய்தாள், அதே நினைப்பில் அண்ணன் ஒரு காரியம் செய்தார். இரண்டும் சேர்ந்துதான் அவரை இந்தப் பாலம் வரைக்கும் கொண்டு வந்து சேர்த்திருக்கிறது. கோவிந்தசாமி சொன்னது பொய்யில்லை. அவராகத்தான் வந்திருக்கிறார், மச்சான் வண்டியில் ஏறிக்கொண்டு.

"தோப்பு முனைல நிறுத்தி விஷயத்தச் சொன்னேன். கோவிச்சுக்கிட்டான். அப்புறம், 'இம்மா தூரம் வந்தாச்சு, மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லிட்டே வந்துடறேன்'னு எறங்குனான். நான் வண்டிகிட்டயே நின்னேன். இருபது அடி போயித் திரும்பினான்."

"எதுக்கு?"

"செருப்பக் கழட்டி என் வண்டி பாக்ஸ்ல வெச்சிட்டு, வெறுங்காலோடத்தான் நடந்தான். இனிமே இதப் போட்டு நடக்க முடியாதுன்னு. பழக்கத்துல கால அப்பவும் தூக்கித் தூக்கித்தான் வெச்சான்." தங்கராசு துண்டை எடுத்து முகத்தில் அழுத்தினார். "திரும்பி, 'மச்சான், செருப்பு பத்திரம், தொலைச்சிடாத. ஜோதி ஆசையா வாங்கிக் குடுத்தது'ன்னான். ஒரு மணி நேரம் பாத்தேன், வரல. பேச்சு நீண்டுபோச்சு போலன்னு லால்பேட்டைக்குக் கிளம்பிட்டேன். ஒக்காந்து பிரியாணி சாப்பிட்டேன் ஜோதி. அந்த நேரத்துக்கு அவன் உசுரோட இருந்தானான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

வெறுங்கால். அவர் வெறுங்காலோடு இருந்தார். ஓட வேண்டும் என்றால் ஓடியிருக்கலாம். ஒன்பது வருடமாக நெஞ்சில் வைத்திருந்த கல் புரண்டு விழுந்தது. விழுந்த இடத்தில் வேறொரு கல் வந்து உட்கார்ந்துகொண்டது, இது அதைவிடப் பெரியது.

"போலீசுல ஏன் சொல்லல?"

"மொத நாள், வந்துருவான்னு இருந்தேன். மூணாம் நாள் பொணமா வந்தப்புறம் எப்படிச் சொல்லுவேன்? நாந்தான் கொண்டு போயி விட்டேன்னு ஒன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்லுவேன்? யார்கிட்டயாவது சொன்னாத்தான் நெஞ்சு வேகும்போல இருந்துச்சு. நடிகன்தானே, ஊருக்குப் போயிடுவான், அவனுக்கு என்னா புரியப் போவுதுன்னு நடந்து காட்டினேன். அவன் இந்த மாதிரி உள்ள வாங்கிக்குவான்னு எனக்கென்னா தெரியும்."

இத்தனையும் கேட்ட பிறகு ஜோதிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. அதோடு, அழுகிற அண்ணனின் முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மடியில் இருந்த போனைப் பார்த்தாள். அதற்குள்தான் அந்த இருபது அடியும் இருக்கிறது. வக்கீலிடம் கொடுத்தால் என்ன ஆகும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க அவளுக்கு அப்போது தெம்பில்லை.

"செருப்பு எங்க?"

"கடைல. பரண் மேல, அட்டப் பொட்டில." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பத்திரம்னு சொன்னானே. தூக்கிப் போட மனசு வரல."

ஜோதி கதவைத் திறந்து இறங்கினாள். பாலத்துக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்காற்றில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"வெள்ளிக்கிழமை நீ மாலை எடுத்துட்டு வர வேணாம். அந்தச் செருப்ப எடுத்துட்டு வா."

"ஜோதி, நல்ல காரியத்துல போயி… சம்பந்தி வூட்டுக்காரங்கல்லாம் இருப்பாங்க. ஸ்ரீமதி, யாருதுன்னு கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றாள் ஜோதி. "அந்த நடிகனுக்கு நடந்து காட்டினல்ல? அவளுக்கும் நடந்து காட்டு."

சிதம்பரம் போகிற டவுன் பஸ் பி.முட்லூர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் ரோட்டோரமாக நகர்ந்து நின்று கையைக் காட்டினாள்.